நீலம் சாப்பிடுகிறதா?

ஜனவரி 9

அண்ணாவுக்கு,

நான் சௌக்கியம். நீங்களும் அண்ணியும் நலமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அண்ணிக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறதா?

ஏழு மாதமாக உங்கள் போனை எடுக்காதவள் திடீரென்று கடிதம் போடுகிறாளே என்று இருக்கும். விஷயம் இதுதான். உங்கள் க்ளினிக் ஹாலில், நோயாளிகள் காத்திருக்கும் நாற்காலிகளுக்கு எதிரே, நாலடி நீளத்தில் கடல் மீன் தொட்டி ஒன்று வைத்திருக்கிறீர்கள் அல்லவா? அதற்கு ஒரு மீன் அனுப்புகிறேன். எங்கள் வளர்ப்பு மீன் கிடங்குக்கு வந்த சரக்கில் நானே பொறுக்கி எடுத்தது. கட்டைவிரல் நீளம்கூட இருக்காது. மை பாட்டிலைக் கவிழ்த்த மாதிரி நீலம். விளக்கைப் போட்டால் தொட்டியில் வேறு எதையும் கண் பார்க்காது.

பை வந்ததும் பிரிக்காமல் தொட்டியில் இருபது நிமிடம் மிதக்க விடுங்கள். பிறகு மெல்லிய குழாய் வைத்துத் தொட்டித் தண்ணீரைப் பைக்குள் சொட்டுச் சொட்டாக விடுங்கள். ஒரு மணி நேரம் ஆகட்டும். பைத் தண்ணீரைத் தொட்டியில் கொட்ட வேண்டாம், மீனை மட்டும் வலையில் எடுத்து விடுங்கள்.

நோஞ்சான் இல்லை. எது போட்டாலும் தின்னும். சீக்கு லேசில் அண்டாது. அங்கே இருக்கும் எந்த மீனாலும் இதற்குத் தொந்தரவு வராது, அதற்கு நான் உத்தரவாதம்.

வந்து சேர்ந்ததும் ஒரு வரி எழுதுங்கள். முக்கியமாக, சாப்பிடுகிறதா என்று எழுதுங்கள். அண்ணியைக் கேட்டதாகச் சொல்லவும்.

உங்கள் தங்கை


ஜனவரி 20

அன்புள்ள வாலுவுக்கு,

அண்ணனின் ஆசிகள். இங்கே எல்லோரும் நலம். அண்ணிக்குச் சர்க்கரை ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கிறது. இனிப்பை எங்கே ஒளித்து வைத்தாலும் கண்டுபிடித்துவிடுகிறாள், போலீஸ் நாய் தோற்றது. உன் கடைவாய்ப் பல் எப்படி இருக்கிறது? தூக்கத்தில் பல்லைக் கடிப்பது நின்றதா? நான் செய்து கொடுத்த உறையை மறக்காமல் மாட்டிக்கொண்டு படு.

பார்சலைக் கத்தரி போடாமல் நானே பிரித்தேன். முப்பது வருடமாக அடுத்தவர் வாய்க்குள் வேலை பார்த்த கைக்கு உன் முடிச்சுகளை அவிழ்க்கக் கால் மணி நேரம் ஆயிற்று. உள்ளே இருந்த மீனுக்கு முன்னால் கண்ணில் பட்டது பெட்டியின்மேல் உன் கையெழுத்து.

நீ சொன்னபடியே செய்தேன். மூன்று நாள் ஒரு மூலையில் நின்று எல்லாவற்றையும் நோட்டம் விட்டது, புது மருமகள் மாதிரி. இப்போது நன்றாகச் சாப்பிடுகிறது. ஊசி என்றதும் ஊரைக் கூட்டுகிற ஒரு குட்டிப் பெண் இதைப் பார்த்து வாயைப் பிளந்தவள்தான், நான் பல்லையே எடுத்துவிட்டேன். ரிசப்ஷனில் உட்காரும் அம்மா, "இனிமே மரத்துப்போற ஊசியே வேணாம் டாக்டர், இத காட்டினா போதும்" என்கிறார்.

மற்றவர்களும் சுகம். ஜோடியாக இரண்டு ஆரஞ்சு மீன், பின்பாதி நெருப்புப் பிடித்த மாதிரி ஒன்று. மணலில் வளை தோண்டும் இறால் ஒன்று, அந்த வளை வாசலில் காவல் நிற்கும் மஞ்சள் மீன் ஒன்று. இறாலுக்குக் கண் மந்தம். மீசையை மஞ்சளின்மேல் வைத்துக்கொண்டேதான் வெளியே வரும். ஆபத்து என்றால் மஞ்சள் வாலை ஆட்டும், இரண்டும் உள்ளே ஓடிவிடும். உனக்குத் தெரியாததா?

ஒன்று கேட்கலாமா? எனக்கு எழுதும்போது மட்டும் ஏன் இந்த 'நீங்கள்', வருமானவரி அதிகாரிக்கு எழுதுகிற மாதிரி? போனில் பேசவே மாட்டாயா?

அன்புடன் அண்ணன்


பிப்ரவரி 2

அண்ணாவுக்கு,

நலம். பல் இருக்கிறது, கடித்துக்கொண்டும் இருக்கிறேன். அண்ணியை மாலையில் கொஞ்சம் நடக்கச் சொல்லுங்கள்.

நீலம் சாப்பிடுவது அறிந்து சந்தோஷம். உண்மையான சந்தோஷம்.

போனைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். போன ஜூனில் பதினோரு நாள் தினமும் போன் செய்தேன். "அம்மா தூங்குறாங்கம்மா, அப்புறம் பேசு" என்றீர்கள். பதினோரு நாளும் அதே வாக்கியம். பன்னிரண்டாவது நாள் நீங்களே கூப்பிட்டு, அம்மா ஆஸ்பத்திரியில் போய்விட்டாள், எல்லாம் முடிந்துவிட்டது என்றீர்கள். ஒன்பது மணி நேர ரயில் தூரத்தில்தான் நான் இருந்தேன். வந்து பார்த்தபோது அம்மாவின் தலையணை உறையைக்கூடத் துவைத்துக் காயப்போட்டிருந்தீர்கள். முகத்தை வைத்துப் பார்க்க அதில் ஒரு வாசனைகூட மிச்சமில்லை.

அதற்குப் பிறகு உங்கள் குரலைக் கேட்டால் எனக்கு அந்த ஒரு வாக்கியம்தான் கேட்கிறது. அதனால்தான் கடிதம். பழையதைக் கிளறவில்லை, கேட்டதற்குப் பதில் எழுதினேன்.

நீலம் பொந்து ஏதாவது பிடித்துக்கொண்டதா? எழுதுங்கள்.

தங்கை


பிப்ரவரி 2
(எழுதி, மடித்து, தபாலில் போடாதது)

அண்ணா,

நல்லா இருக்கியா என்று கேட்டு ஆரம்பிக்கப் போவதில்லை. நீ நல்லா இருக்கக் கூடாது என்பதற்காகத்தான் இத்தனை பாடும்.

அன்று உன் வீட்டு வாசலில் நின்று, ஏன் சொல்லவில்லை என்று கத்தினேன். நீ என்ன சொன்னாய்? "நான் பொய் சொல்லலியே. மயக்கத்துலதான் இருந்தாங்க. தூங்குறாங்கன்னுதானே சொன்னேன்." ரொம்பச் சரி. வார்த்தைக்கு வார்த்தை உண்மை. நானும் இனி உனக்குப் பொய்யே எழுத மாட்டேன். சொல்லாமல் விடுவது எப்படி என்று உன்னிடம்தானே கற்றேன்.

அந்த நீலத்தின் பெயர் டாம்சல். எங்கள் கிடங்கில் இந்த வகையை ஒன்றாகப் போடுவதில்லை. ஓட்டை போட்ட பிளாஸ்டிக் டம்ளரில் ஆளுக்கு ஒன்றாகப் போட்டு வரிசையாக மிதக்க விடுவோம், ஜெயில் அறை மாதிரி. இரண்டை ஒன்றாக விட்டால் ஒன்றுதான் மிஞ்சும். உனக்கு அனுப்பியது அந்த வரிசையிலேயே பொல்லாதது. பக்கத்து டம்ளரில் இருந்ததைப் பார்த்து முட்டி முட்டி மூக்கில் தழும்பு. நீ அதைக் கவனித்திருக்க மாட்டாய், நிறத்தைப் பார்த்து மயங்கியிருப்பாய்.

முதலில் ஒரு பொந்தைப் பிடிக்கும். பிறகு பொந்தைச் சுற்றி ஒரு சாண். பிறகு பாதித் தொட்டி, பிறகு முழுத் தொட்டி. வேறு எதையும் நிம்மதியாக ஒரு வாய் தின்ன விடாது. பிடிக்கவும் முடியாது, கல்லுக்குள் புகுந்துவிடும். வருடக்கணக்கில் நீ பார்த்துப் பார்த்து அடுக்கிய கல்லையெல்லாம் வாரி வெளியே போட்டால்தான் அகப்படும்.

அந்த மீன்கள் என்ன பாவம் செய்தன என்று எனக்குத் தோன்றாமல் இல்லை. தோன்றியது. அப்புறமும் பையைக் கட்டினேன்.

கண்ணெதிரே உனக்குப் பிரியமானது ஒவ்வொரு நாளாகப் போய்க்கொண்டிருக்க வேண்டும். தூரத்திலிருந்து ஒருத்தி, அதெல்லாம் ஒன்றுமில்லை என்று உனக்குச் சொல்ல வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.


பிப்ரவரி 27

அன்புள்ள வாலுவுக்கு,

ஆசிகள். அண்ணி நடக்கிறாள், தெருமுனை இனிப்புக் கடை வரை. உனக்குச் சளி பிடித்திருக்கிறதாமே, அண்ணியிடம் பேசும்போது இருமினாயாம். நாளெல்லாம் தண்ணீரில் கை வைக்கிற வேலை, உடம்பைப் பார்த்துக்கொள்.

போன கடிதத்தை மடித்து மேஜை இழுப்பறையில் வைத்திருக்கிறேன். மீனைப் பற்றி எழுதுகிறேன்.

நெருப்பு மீன் போய்விட்டது. காலையில் பெருக்கும்போது நாற்காலிக்கு அடியில் கருவாடாகக் கிடந்ததை ரிசப்ஷன் அம்மா எடுத்துக்கொண்டு வந்து காட்டினார். மூடி அரை விரல் திறந்திருந்தது, அது வழியாகக் குதித்திருக்கிறது. மூன்று வருடமாக அதே இடுக்கு இருக்கிறது, ஒரு நாளும் குதித்ததில்லை.

நீலம் நடுவிலிருக்கும் பெரிய கல்லின் கீழ்ப் பொந்தைப் பிடித்துக்கொண்டது. அந்தப் பக்கம் யார் வந்தாலும் பாய்கிறது. கண்ணாடி துடைக்கப் போன என் விரலையே கொத்தியது. இத்தனூண்டு உடம்புக்கு எவ்வளவு ரோஷம்! கல்லையெல்லாம் இடம் மாற்றி வைத்தால் அடங்கும் என்கிறார்களே, அப்படியா? நீதான் சொல்ல வேண்டும். உன்னைவிட யாருக்குத் தெரியும்?

அன்புடன் அண்ணன்


மார்ச் 8

அண்ணாவுக்கு,

சளி போய்விட்டது. அண்ணி சுகமா?

நெருப்பு மீன் குதிக்கிற ஜாதிதான். மூடிக்குப் பதிலாக மெல்லிய வலை போட்டு நாலு பக்கமும் இறுக்கிக் கட்டுங்கள். எங்கள் கிடங்கிலும் அப்படித்தான்.

புதிதாக வரும் மீன் தனக்கென்று ஓர் இடம் பிடிப்பது வழக்கம். தொட்டித் தண்ணீர் ஆவியாகிக் குறைந்தால் நல்ல தண்ணீர் மட்டும் சேருங்கள், உப்புத் தண்ணீர் சேர்க்க வேண்டாம். உப்பு ஆவியாகாது.

நீலம் சாப்பிடுகிறதா? மஞ்சள் எப்படி இருக்கிறது? எழுதுங்கள்.

தங்கை


ஏப்ரல் 5

வாலுவுக்கு,

நீ நலமா? எனக்குத்தான் கொஞ்ச நாளாகப் பசியில்லை. அண்ணி திட்டுகிறாள்.

ஆரஞ்சு ஜோடி தண்ணீர் மட்டத்துக்குக் கீழே ஒரு மூலையில் ஒடுங்கி நின்றது. துடுப்பெல்லாம் கிழிந்து, அயர்ன் பண்ணும்போது தீய்த்த ரிப்பன் மாதிரி இருந்தது. நேற்று அவற்றை வளர்ப்பு மீன்கடைக்காரரிடம் கொடுத்து அனுப்பிவிட்டேன், அங்கேயாவது பிழைக்கட்டும். ரப்பர் குமிழ் வைத்த உறிஞ்சியில் தீனியை எடுத்து, மஞ்சளும் இறாலும் இருக்கும் குழிக்கு நேராக விட்டுப் பார்த்தேன். தீனி கீழே இறங்குவதற்குள் நீலம் வந்து எல்லாவற்றையும் தின்றுவிட்டு, குழி வாசலிலேயே நிற்கிறது.

மஞ்சள் மீன் குழியை விட்டு வெளியே வரவில்லை. இன்றோடு பதினோரு நாள்.

என்ன செய்யலாம், எழுது.

அண்ணன்


ஏப்ரல் 12

அண்ணாவுக்கு,

நான் நலம். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், வேளைக்குச் சாப்பிடுங்கள்.

மஞ்சள் மீனைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள்.

தூங்குகிறதாக இருக்கும். அப்புறம் பாருங்கள்.

தங்கை


ஜூன் 9

வாலுவுக்கு,

எட்டு வாரமாகப் பதில் போடவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை. அண்ணியும் நலம்.

உன் கடைசிக் கடிதத்தைக் க்ளினிக்கில் வைத்துத்தான் பிரித்தேன். படித்துவிட்டு, வந்திருந்த மூன்று பேரை நாளைக்கு வரச் சொல்லித் திருப்பி அனுப்பினேன். நல்ல அடி. குறி தவறவில்லை.

மஞ்சள் பதினாறாம் நாள் செத்தது. வயிறு ஒட்டி, தலை மட்டும் பெரிதாக இருந்தது. குழியிலிருந்து இறால்தான் அதை வெளியே தள்ளியது. அந்த இறால் இன்னும் தினமும் மணலை வாரி வெளியே கொட்டிவிட்டு, மீசையைப் பின்னால் நீட்டித் துழாவுகிறது.

இனிச் சொல்லாமல் விட்டதையெல்லாம் சொல்லிவிடுகிறேன். நீலம் வந்த முதல் வாரமே மீன்கடைக்காரர் வந்து பார்த்தார். "யாரு சார் இத குடுத்தது? உங்க மேல செம கோவத்துல இருக்காங்க போல. இது பொந்து புடிக்கறதுக்குள்ள பொறி வச்சு எடுத்துடலாம், இன்னிக்கே எடுத்துடலாம்" என்றார். இருக்கட்டும் என்றேன். கல்லை மாற்றலாமா என்று உன்னைக் கேட்டதுகூடப் பதில் தெரியாமல் அல்ல. நீ என்ன எழுதுகிறாய் என்று பார்த்தேன். அதற்கு மட்டும் பதில் இல்லை.

உன் கோபம் தீரட்டும் என்றுதான் விட்டேன் என்று அண்ணியிடம் சொல்லியிருக்கிறேன். அவள் என்னைப் பெரிய மனுஷன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். அது இல்லை. மஞ்சள் மீன் என்னுடையது அல்ல, வாலு. அம்மாவுடையது. கடைசி இரண்டு வருடம் மாலையில் நோயாளிகள் போனதும் அம்மா வந்து மூன்றாவது நாற்காலியில் உட்காருவாள். உறிஞ்சியில் தீனி எடுத்து அதற்குத் தானே போடுவாள். அதற்கு வைத்திருந்த பெயர் உன்னுடையது. "வாலு, சாப்ட்டியா? வாலு, இன்னும் ஒரு வாய்" என்று கண்ணாடியோடு பேசிக்கொண்டிருப்பாள். பக்கத்திலேயே நான் நின்றுகொண்டிருப்பேன். நான் சாப்பிட்டேனா என்று ஒரு நாள் கேட்டதில்லை.

இதை ஒரே ஒரு வரி எழுதியிருந்தால் நீ அடுத்த ரயிலில் ஓடி வந்து, கல்லையெல்லாம் வாரிப்போட்டு நீலத்தைப் பிடித்திருப்பாய். எழுதவில்லை. உன் கையாலேயே நடக்கட்டும் என்று விட்டேன்.

இன்னொன்றும் இருக்கிறது. அந்தப் பதினோரு நாளில் ஒன்பது நாள்தான் அம்மா மயக்கத்தில் இருந்தாள். முதல் இரண்டு நாள் நல்ல நினைவோடு இருந்தாள். உன்னைத்தான் கேட்டாள். நான்கு வருடம் குளிப்பாட்டியவன், பல் செட்டைக் கழுவி வைத்தவன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருக்க, என் தோளுக்கு மேலே வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நீ போன் செய்தபோது அதை அவள் கையில் கொடுத்திருக்கலாம். கொடுத்தால் அந்த முகம் எப்படி மலரும் என்று எனக்குத் தெரியும். பொறுக்கவில்லை. தூங்குறாங்க என்றேன். அந்த இரண்டு நாள் நான் சொன்னது சுத்தப் பொய்.

உன்னிடம் சொல்லச் சொல்லி ஒன்று சொன்னாள். எழுத உட்கார்ந்து மூன்று தாளைக் கிழித்துவிட்டேன், வரவில்லை. போனை எடு, சொல்கிறேன்.

அண்ணன்


ஜூன் 17

அண்ணா,

இத்துடன் பிப்ரவரியில் எழுதித் தபாலில் போடாத கடிதம் ஒன்றை வைத்திருக்கிறேன். படி. எழுதியது எதிலும் எனக்கு வருத்தமில்லை, மஞ்சளைத் தவிர.

உன் கடிதம் வந்த அன்று டம்ளர் வரிசைக்கு முன்னால் நின்று அழுதேன். கிடங்கில் எல்லோர் கையும் முகமும் எப்போதும் உப்புத் தண்ணீர்தான், யாரும் கவனிக்கவில்லை. அம்மா என் பேரைச் சொல்லித் தீனி போட்ட மீனை நானே பட்டினி போட்டுக் கொன்றிருக்கிறேன். நீ அதைக் கைகட்டி வேடிக்கை பார்த்திருக்கிறாய். நம்மை ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் இல்லை என்று இனி எவனாலும் சொல்ல முடியாது.

போனை எடு, சொல்கிறேன் என்கிறாய். தூண்டிலில் அம்மாவையே கோத்துப் போடுகிறாய். நான் கடிக்க மாட்டேன். நீ கூப்பிட்டதும் ஓடி வந்து, 'சொல்லுண்ணா, ப்ளீஸ்ணா' என்று கெஞ்ச மாட்டேன்.

நான் சொல்வதைக் கேள். நீலத்தை நீ வளர்க்க வேண்டும். அந்த நாலடித் தொட்டியில் அதுவும் இறாலும் மட்டும். வேறு மீன் விடக் கூடாது. யாருக்கும் கொடுக்கக் கூடாது. தினமும் அதன் முகத்தில் விழித்து, உன் கையால் தீனி போட வேண்டும். மாதம் ஒரு கடிதம் போடு, சாப்பிடுகிறதா என்று. அது தானாகச் சாகிற அன்று போன் செய், எடுப்பேன். அம்மா சொன்னதை அன்று சொல்லு. அதுவரை நீ அதை வயிற்றில் வைத்துச் சுமக்க வேண்டும். எனக்குச் சேர வேண்டியது உன் உள்ளே கிடந்து கனக்கட்டும்.

சீக்கிரம் முடித்துவிடலாம் என்று நினைக்காதே. செத்ததும் ஐஸில் வைத்து உடலை எனக்கு அனுப்பு. செவுளையும் வயிற்றையும் பார்த்து எப்படிச் செத்தது என்று சொல்வதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

அண்ணியைக் கேட்டதாகச் சொல். அவளிடம் உண்மையைச் சொல்.


ஜூலை 2, மறு வருடம்

அன்புள்ள வாலுவுக்கு,

அண்ணனின் ஆசிகள். இது பதின்மூன்றாவது மாதக் கடிதம். நீ ஒன்றுக்கும் பதில் போடவில்லை, போட வேண்டும் என்று நிபந்தனையும் இல்லை. அண்ணியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு வாரம் பேசவில்லை. இப்போது பேசுகிறாள், சர்க்கரையும் இறங்கியிருக்கிறது.

போன செவ்வாய் மத்தியானம் கரண்ட் போய்விட்டது. காற்றுக் குழாய் நின்று, ஒரு மணி நேரத்தில் நீலம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடியது. நான் சும்மா நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் போதும். நானாகக் கொன்றதாகவும் ஆகாது, நீ செவுளைப் பார்த்தாலும் கரண்ட்தான் காரணம் என்று தெரியும். அன்று மாலையே உனக்குப் போன் செய்திருக்கலாம். போனைக் கையில் எடுக்கக்கூடச் செய்தேன்.

அப்புறம் அதைக் கீழே வைத்துவிட்டு, சொம்பில் தண்ணீரை மொண்டு மொண்டு உயரத்திலிருந்து ஊற்றினேன். மூன்று மணி நேரம் ஊற்றினேன். தோள்பட்டை இன்னும் வலிக்கிறது. ரிசப்ஷன் அம்மா, "விடுங்க டாக்டர், பொல்லாத மீனுதானே, போனா போகட்டும்" என்றார். மறுநாளே பேட்டரியில் ஓடுகிற காற்று மோட்டார் ஒன்று வாங்கிப் பொருத்திவிட்டேன். இனிக் கரண்ட் போனாலும் பயமில்லை.

நன்றாகப் பார்த்துக்கொண்டால் இந்த வகை பன்னிரண்டு வருடம்கூட இருக்குமாம், மீன்கடைக்காரர் சொல்கிறார். நான் ஒரு குறையும் வைக்க மாட்டேன். தண்ணீரை வாரம் ஒரு முறை சோதிக்கிறேன். தீனியை மாற்றி மாற்றிப் போடுகிறேன். மேலே நீ சொன்ன வலையைக் கட்டியிருக்கிறேன்.

அம்மா உனக்கென்று சொன்னது பத்திரமாக இருக்கிறது. மாலையில் எல்லோரும் போன பிறகு, மூன்றாவது நாற்காலியில் உட்கார்ந்து நீலத்துக்குத் தீனி போடும்போது, தினமும் ஒரு முறை அதை எனக்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொள்கிறேன். அவள் குரலிலேயே வருகிறது. வேறு யாரும் கேட்டதில்லை, எனக்கு மட்டும்தான் தெரியும். நீ நினைத்த மாதிரி கனக்கவில்லை, வாலு.

பல் உறையை மாட்டிக்கொண்டு படு. நீலம் நன்றாகச் சாப்பிடுகிறது.

அன்புடன் அண்ணன்